முன்னால் நடப்பவள்

"தெனமும் யானை நிக்குதுன்னு சொன்னா நாங்க எப்படி கண்ணு நம்பறது?"

பேராசிரியர் இந்து, வருகையில் விலக்குக் கேட்ட மனுவை மேசைமேல் போட்டுவிட்டு, எதிரே நின்ற மாணவி ஆனந்தியைப் பார்த்தார்.

"நெசமாத்தான் மேடம். எங்க எஸ்டேட் பாதையில கூட்டமா நிக்கும். அது போனாத்தான் நாங்க கீழ எறங்க முடியும். அதுக்குள்ள பஸ் போயிரும். அடுத்த பஸ்ஸுல வந்தா காலையில பாதி நாளு ஆப்சென்ட்டுன்னு போட்டுடுறாக."

"உங்களுக்கு வெலக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரு ஊட்டு வாசல்லயும் ஒரு யானை வந்து நிக்குமே!"

குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்லூரியின் மாணவர் நலக் குழுவுக்கு இந்துதான் தலைவர். பாலக்காட்டை அடுத்த நல்லேப்பிள்ளியில் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். இடுக்கி மலைக்கு மாற்றலாகி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. வருகை குறைந்தவர்கள் விஷயத்தில் அவர் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை; ஆனந்தி தானாகவே மனுவோடு வந்து நின்றவள். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், அப்புறம் விதிமுறை எதற்கு என்பார்.

குழுவில் இளையவரான ஜிபி சார்தான் மெல்லச் சொன்னார். "மேடம், ஒரு தடவை நாமளே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து தள்ளுபடி பண்ணலாமே. பார்க்காமலே தள்ளிட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாதுல்ல?"

அது இந்துவுக்கும் சரியென்று பட்டது.

அடுத்த வாரம் ஒரு மாலையில் இருவரும் எஸ்டேட்டுக்குப் போய், ஆனந்தி குடும்பம் இருந்த லயத்து வரிசை வீட்டிலேயே தங்கினார்கள். பொழுது விடிந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து பஸ் நிற்கும் ஜங்ஷனுக்கு நடந்தே இறங்குவதென்று ஏற்பாடு.

காலையில் பனியைக் கையால் வழித்தெடுக்கலாம் போலிருந்தது. வீட்டு வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒல்லியாக ஒரு பெண், தோளில் பையோடு நின்றாள்.

"இவ சோனா, மேடம். இவதான் எப்பவும் முன்னாடி போவா. இவ கையைக் காட்டுன பொறகுதான் நாங்க நடப்போம்" என்றாள் ஆனந்தி.

"பயமா இல்லையா கண்ணு?" என்று இந்து கேட்டார்.

"யாராச்சும் ஒருத்தர் முன்னாடி போகணும்ல மேடம்" என்று சிரித்தாள் சோனா.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினார்கள். இரண்டாவது வளைவில் சோனா சட்டென்று கையை உயர்த்தினாள். எல்லாரும் அப்படியே நின்றார்கள். இந்துவின் கண்ணுக்கு வெள்ளையாகப் பனி மட்டும்தான் தெரிந்தது.

பிறகு அந்தப் பனியில் ஒரு காது அசைந்தது.

இந்து யானை பார்க்காதவர் அல்ல. ஊர்த் திருவிழாவில் நெற்றிப்பட்டம் கட்டி, காலில் சங்கிலியோடு நிற்கும் யானைகளுக்குப் பழம் கொடுத்திருக்கிறார். இங்கே பட்டமும் இல்லை, சங்கிலியும் இல்லை. பாதையை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. அவ்வளவு பெரிய உடம்புகளிலிருந்து காலடிச் சத்தமே எழவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி தடுமாறித் தடுமாறி நடந்தது. இந்து தன்னையறியாமல் கை கூப்பினார்.

அந்தத் தாய் நின்றது. இவர்கள் பக்கம் திரும்பிக் காதுகளை விரித்தது.

"ஓடாதீக. மெதுவா பின்னாலயே நகந்து போங்க. பாறைக்கு அந்தப் பக்கம்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள் சோனா.

பிள்ளைகள் இந்துவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். பாறை மறைவிலிருந்து அவர் எட்டிப் பார்த்தபோது சோனா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் யானைக்கும் நடுவே வெறும் பாதைதான் இருந்தது. யானை அவளைப் பார்த்தது. அவள் அசையவில்லை.

எவ்வளவு நேரமோ. யானை தும்பிக்கையால் குட்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது. கூட்டமும் பின்னாலேயே போய்ப் பனியில் மறைந்தது.

"இனிமே வாங்க" என்றாள் சோனா. அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது.

ஜங்ஷனுக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. இந்து ஜிபியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு மத்தியானமே மீட்டிங் கூட்டுங்க சார். யானை மறிச்ச நாளுக்கு ஆப்சென்ட் போடக்கூடாது. வண்டி ஒண்ணு ஏற்பாடு பண்ணவும் எழுதோணும். இந்த மாதிரி ஒரு புள்ளை நம்ம காலேஜுல படிக்கறது நமக்கே பெருமைங்க."

"கண்டிப்பா மேடம்" என்றார் ஜிபி.

அடுத்த பஸ் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். இந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கையை வைத்து இடம் பிடித்துக்கொண்டார்.

"சோனா, இங்க வா கண்ணு. என் பக்கத்துல உக்காரு. நீ எந்த டிபார்ட்மென்ட்?"

கீழேயே நின்றிருந்த சோனா ஜன்னலருகே வந்தாள்.

"நான் காலேஜுல இல்ல மேடம். அட்டெண்டென்ஸ் பத்தலன்னு போன வருசமே எம் பேரை வெட்டிட்டீக. இவளுகளுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுல்ல, அதான் தெனமும் கொண்டாந்து ஏத்தி விடுறேன்" என்றவள், கொழுந்து கிள்ள நேரமாகிவிட்டது என்று சொல்லி, வந்த பாதையிலேயே தனியாக மேலே ஏறத் தொடங்கினாள்.