அட்மிரலின் புகைக்குழாய்

"எவன் சொல்லி இந்த வேலையப் பண்ணின? பேரைச் சொல்லு!"

படகு கரையில் முட்டி நிற்பதற்குள் அட்மிரல் குதித்து இறங்கிவிட்டார். ஷெட்டில் மெக்கானிக் மட்டும்தான் இருந்தார். அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முன்புதான் டீ குடிக்கக் கிளம்பியிருந்தார்கள்.

அட்மிரல் கைப்பேசியை மெக்கானிக்கின் மூக்குக்கு நேராக நீட்டினார். திரையில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

"அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம் போன படகுய்யா இது! புகைக்குழாயை மாத்தி குதிரைசக்தியைக் கூட்டுன்னுதானே சொன்னேன்? இருந்த குதிரையையும் கொன்னு வச்சிருக்கே!"

அட்மிரல் என்பது பட்டப்பெயர். கடற்படைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. சிமெண்டு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிப் படகு கிளப்பில் தொடர்ந்து மூன்று ஞாயிறு பந்தயம் ஜெயித்தவருக்கு வெள்ளைத் தொப்பி ஒன்று தருவார்கள். வேறொருவர் அதேபோல் மூன்று முறை ஜெயித்துப் பறிக்கும் வரை அது அவர் தலையில்தான் இருக்கும். ஆறு வருஷமாக இவர் அதைக் கழற்றவில்லை. குளிக்கும்போது கழற்றுவதாகக் கேள்வி.

அந்தத் தொப்பிக்குத்தான் இப்போது ஆபத்து. கடந்த இரண்டு ஞாயிறும் ஜெயித்தது அவருடைய சம்பந்தி. அதுவும் மாப்பிள்ளையின் கண்ணெதிரே. நாளை மூன்றாவது ஞாயிறு.

"ஜெயிச்சுட்டு வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'சம்பந்தி, உங்க படகுச் சத்தம் பிரமாதம்'கிறான்!"

பிரமாதம்தான். மூன்று வாரத்துக்கு முன் மெக்கானிக் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தொடை பருமனுக்கு ஒரு நேர்க்குழாயைப் போட்டுக் கொடுத்தார். முதல் உறுமலிலேயே, "முப்பது குதிரை கூடிடுச்சு, காதாலேயே அளந்துட்டேன்" என்று அறிவித்தவர் அட்மிரல்தான். ஏரிக்கரைக் கொக்குகள் அன்றைக்கே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டன.

"குழாய் இவ்வளவு பருமனா இருந்தா புகை சோம்பேறித்தனமாத்தான் சார் வெளிய போகும். இஞ்சினுக்கு இழுவை குறையும்."

"தெரிஞ்சே எதுக்குய்யா போட்ட?"

மெக்கானிக் ஒரு நட்டை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டதற்குப் பதில் வராவிட்டால் அட்மிரலுக்கு ரத்தம் தலைக்கேறும். வீட்டில் யாரும் அவர் முன்னால் இப்படி நின்றுவிட முடியாது. செருப்பு கோணலாகக் கிடந்தால் ஒரு மணி நேரம், டி.வி. சத்தமாக இருந்தால் இரண்டு மணி நேரம் வசவு விழும்.

அத்தனை வருஷக் கத்தலுக்கு இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் பெருமை. இப்போதெல்லாம் வீட்டுத் துறையில் படகைக் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தால் வீடே அணிவகுப்பில் நிற்கிறது. செருப்புகள் வரிசையில். டி.வி. அணைந்து கிடக்கிறது. மனைவி கையில் புத்தகம். ஆறு வயதுப் பேத்தி சாயங்காலம் ஐந்து மணிக்கே போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். மேஜைமேல் அவள் வரைந்த யானை மட்டும் தும்பிக்கை இல்லாமல் பாதியில் நிற்கும்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? இந்தக் குழாய் போட்ட அன்னிக்கு என் சம்பந்தியோட வெள்ளைக் கார் இந்த ஷெட்டு வாசல்ல நின்னிருக்கு. வாட்ச்மேன் பார்த்திருக்கான்!"

மெக்கானிக்கின் கையிலிருந்து நட்டு உருண்டு கீழே விழுந்தது.

"பார்த்தியா, மூஞ்சி வெளுக்குது! ஒரு தொப்பிக்காக என் படகுக்கே சூனியம் வைக்கிறான். நீயும் கூட்டு!" அட்மிரல் குழாயை ஓங்கி ஓர் உதை விட்டார். குழாய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஒற்றைக் காலில் நின்று கத்தினார். "கழட்டு இதை! பழைய சைலன்சரையே மாட்டு. நாளைக்குப் பூனை மாதிரி சத்தமில்லாம போய் அவன் முன்னாடி நிக்கறேன்."

"பந்தயத்துக்கு மட்டும் மாட்டித் தரேன் சார். முடிஞ்சதும் இதையே திரும்பப் போட்டுடலாம்."

"எதுக்கு?"

"வாக்குக் குடுத்துட்டேன் சார்."

அட்மிரல் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் அறைந்தார். உள்ளே இருந்த வழுக்கையை ஷெட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"என் படகு! என் குழாய்! நீ எவனுக்குய்யா வாக்குக் குடுத்த?"

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "குதிரைசக்தி கேட்டது நீங்க. சத்தம் கேட்டது வேற ஆளு. ரெண்டும் ஒரே குழாய்ல வராது சார்."

"சம்பந்திதானே?"

"காரு அவரோடதுதான் சார். அதுலேருந்து பேத்தியைக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கினது உங்க வீட்டம்மா."

அட்மிரலின் குரல் மூன்று வாரத்தில் முதன்முறையாக இறங்கியது. "அவளா? அவளுக்கு எதுக்குய்யா படகுச் சத்தம்?"

மெக்கானிக் கந்தல் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீங்க வர்றது பத்து நிமிஷம் முன்னாடியே தெரியணுமாம் சார்."