பார்க்கிங்கில் மதியக் காட்சி

"தம்பி, மறைக்காதீங்க."

வெள்ளைக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி இதைச் சொல்லிவிட்டு, மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்தது ஒரு சுவர். பூச்சு பெயர்ந்து, நடுவில் ஈரம் ஏறிய வெறும் சுவர்.

இந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஆறு தியேட்டர்கள் இருந்தனவாம். ஒன்று துணிக்கடை ஆகிவிட்டது. ஒன்று வங்கி. ஒன்று ஆஸ்பத்திரி, கூட்டம் மட்டும் அன்றைக்குப் போலவே விடிவதற்கு முன் வந்து வரிசையில் நிற்கிறது. இரண்டை இடித்துக் கோச்சிங் சென்டர் கட்டினார்கள். இருட்டில் உட்கார்ந்து கனவு காணும் தொழில் அங்கே தடங்கலின்றி நடக்கிறது.

ஆறாவதை இடித்தபோது, திரை மாட்டியிருந்த சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள். மீதி இடம் கார் பார்க்கிங். தரை இன்னும் சுவரை நோக்கிச் சரிவாகவே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் போட மறந்தால் வண்டி தானாக முன்வரிசைக்குப் போய்விடும்.

இதைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் என் தாய்மாமா. டிகிரி முடித்து, வரிசையாக வேலைகளைத் தொலைத்துவிட்டு வந்த எனக்கு டோக்கன் கிழிக்கும் பதவி கொடுத்தவரும் அவர்தான்.

சிக்கல் என்னவென்றால், மதியம் வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுவரைப் பார்த்து நிறுத்துகிறார்கள். சிரிக்கிறார்கள். மூக்கைச் சிந்துகிறார்கள். நடுவில் ஒரே ஒரு முறை எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறக்கும். ஆண்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்று துணிக்கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். குத்தகை கையை விட்டுப் போகும் நிலை.

மாமா போனில் பிடிபிடியென்று பிடித்தார். "டேய், இன்னிக்கு அங்க ஆள் இறங்காத வண்டி ஒண்ணுகூட நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா, நாளைக்கு நீ வேற மாமனைத் தேடிக்க."

எனக்கு இருப்பதே ஒரு மாமா.

அதனால் முன்வரிசையையும் தாண்டிப் போய், சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் கத்தினேன்.

"எல்லாரும் வண்டிய எடுங்க! இங்க ஒண்ணும் ஓடல!"

திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஹாரன் அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெள்ளைக் கார்க்காரர் இந்தமுறை மறைக்காதே என்று சொல்லவில்லை. ஸ்டியரிங் மேல் சாய்ந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தேன்.

அத்தனை கார்களிலும் அத்தனை தலைகளும் இடப்பக்கம் திரும்பின.

வலப்பக்கம் வந்தேன். தலைகளும் வந்தன.

முதல் வரிசையில் ஒரு காரின் ஜன்னல் திறந்திருந்தது. அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த சிறுமி என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"அம்மா, இப்ப இவரு திரும்பிப் பாப்பாருல்ல?"

"சும்மா இருடி. கதையச் சொல்லாத. பக்கத்து வண்டிக்காரங்க இப்பத்தான் மொத தடவை பாக்கறாங்க."

என் பிடரியில் ஏதோ குளிர்ந்தது. மூச்சு மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

திரும்பக் கூடாது என்று முடிவு செய்தேன். மாமா கூப்பிட்டாலும் சரி, குத்தகையே போனாலும் சரி, தலையை அசைப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகக் கார்களையே பார்த்தபடி நின்றேன்.

அந்த அம்மா முந்தானையால் தன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, மெதுவாக, மகளின் கண்களைக் கையால் பொத்தினார்.