கூட்டத்துக்கு வந்த பிரதிநிதி

தொகுதியின் நாடாளுமன்றப் பிரதிநிதி வெண்டல் கிரேலைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள் லோர்னா. வழி நெடுகப் பின்னிருக்கையிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தபோதெல்லாம் அவள்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கின் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த விர்ஜில், காருக்குள் எட்டிப் பார்த்ததும் மண்வாரியைக் கீழே போட்டார். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அந்தப் பக்கம் அவரை விடச் சத்தமாகச் சிரிக்கும் விவசாயி கிடையாது.

"அடி சக்கை! தொகுதியே தேடுற ஆளை எங்கம்மா புடிச்ச?"

"எலெக்‌ஷன் முடிஞ்சதுலேர்ந்து எங்க வீட்டுலதான் ஒளிஞ்சிருந்தாரு."

"இருக்கும், இருக்கும். நீதானே அவருக்கு வலது கை!"

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். போன கோடையில் ஊர்ப் பொருட்காட்சியில் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவள் அவள். பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவருக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டியவள்.

நோயாளிகளையும் காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும் என்ற அந்தச் சட்டத்தை ஒழித்துக்கட்டுவேன் என்று அவர் முழங்கியபோது அவளும் கைதட்டினாள். அந்தச் சட்டத்தின் தயவில்தான் தன் மார்புக் கட்டியை அறுத்தெடுத்தார்கள் என்பது அப்போதும் அவளுக்குத் தெரியும். ஒழியப்போவது வேறு யாருடைய காப்பீடோ என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தாள். அந்த 'எப்படியோ' இப்போது இரவுகளில் அவளைத் தூங்க விடுவதில்லை.

அந்தச் சட்டத்தை நீக்க தலைநகரில் வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரேலின் அலுவலகத்துக்குப் போன் செய்தால், செய்தி பதிவு செய்ய இடமில்லை என்று ஒரு இயந்திரம் இனிமையாகச் சொன்னது. வானொலியில் மட்டும் அவர் குரல் கேட்டது: "கூச்சல் போடுறவங்க எல்லாம் காசு வாங்கிட்டு வந்த வெளியூர் ஆளுங்க."

அவரிடம் கேள்வி கேட்க ஊரே கூடியதில் அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் நாற்காலி போட்டும் கிரேல் உட்காரவில்லை. தேர்தல் நேரத்துச் சிரிப்பு மாறாமல் நின்றார். கூட்டத்தை நடத்திய நூலகர் மாக்சின், அவர் முன்னால் மரியாதையாக ஒரு கோப்பை காப்பியும் டோனட்டும் வைத்தாள்.

"ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம். பதில் புடிக்கலைன்னா செவப்புக் காகிதத்தைத் தூக்குங்க. யாரும் கத்தக் கூடாது, அவரு நம்ம விருந்தாளி."

முதலில் விர்ஜில் எழுந்தார். "என் மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. என் பொண்டாட்டிக்கு இருக்கக் கூடாதா?"

"ஐயா, பதில் சொல்றீங்களா?" என்று மாக்சின் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினாள். கிரேல் வாயைத் திறக்கவில்லை. அரங்கம் முழுக்கச் சிவப்புக் காகிதங்கள் எழுந்தன.

"பரவால்ல விடுங்க, இந்த ஒரு கூட்டத்துலதான் இவரு பொய்யே சொல்லல!" என்றார் விர்ஜில்.

குளிர் தாங்காமல் யாரோ சூடேற்றும் மின்விசிறியை முடுக்கினார்கள். அந்தக் காற்றில் கிரேல் தலையிலிருந்து கால்வரை நடுங்கினார்.

"பாருங்கப்பா, இப்பவே தொடை நடுங்குது!" என்று பின்வரிசை ஆர்ப்பரித்தது. லோர்னாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்தது அவள் முறை.

எழுதி வைத்திருந்ததை அவள் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"ஐயா, நான் வெளியூர்க்காரி இல்ல. யாரும் எனக்குக் காசு குடுக்கல. கட்டி திரும்ப வந்திருக்கான்னு பாக்க அடுத்த மாசம் எனக்கு ஸ்கேன். சட்டம் போயிடுச்சுன்னா, ஏற்கெனவே சீக்கு வந்தவன்னு சொல்லி எந்தக் கம்பெனியும் என்னைச் சேத்துக்காது." மேடைக்கு இன்னும் கிட்டே போனாள். "உங்களுக்காக எத்தனை கதவைத் தட்டுனேன். உங்க கதவை நான் தட்டுனா மட்டும் தெறக்க மாட்டீங்களா?"

அவர் எப்போதும்போல அவள் தலைக்குச் சற்று மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் அவள் தொலைநோக்கு என்று ஊரெல்லாம் சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தாள். அது தன்னைப் பார்க்காத பார்வை என்பது இவ்வளவு கிட்டத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

"ஐயா, பதில்?" என்றாள் மாக்சின், மெல்ல. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காகிதத்தைத் தூக்கவும் லோர்னாவுக்குக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்தது. தொடாத காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. லோர்னா மேடையேறி, அந்தக் கோடையில் செய்ததுபோலவே அவர் தோளில் கை வைத்தாள்.

கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாக்சின் பதறிக் கூவினாள்.

"கழுத்துக்கிட்ட மடிச்சிராதே லோர்னா, அட்டைக் கட்-அவுட்டு கிழிஞ்சிரும்! நாளைக்குப் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கும் இவருதான் போகணும்!"