பட்டியலில் வராத கடை

ஜெனீவ் பத்திரிகையைக் கவுண்டரில் விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியாத தெருமுனைக் கடைகள்: மில்வாக்கியில் பத்து" என்று தலைப்பைச் சத்தமாகப் படித்தாள்.

ஜெனீவின் கடையில் மொத்தமே ஆறு ஸ்டூல். அதில் மூன்று, இருபது வருடமாக ராஸ்கோவுக்கும் கிளிஃப்டனுக்கும் எனக்கும்தான். பகல் பன்னிரண்டு அடித்தால் வந்து உட்காருவோம். வெண்ணெய் சொட்டும் பர்கர், பிறகு அன்றைக்கு என்ன கஸ்டர்ட் ஐஸ்க்ரீமோ அது. இன்று கறுப்புச் செர்ரி.

நவம்பரோடு கடையின் குத்தகை முடிகிறது. பட்டியலில் பெயர் வந்தால் நாலு புது முகம் வரும், கடையை நடத்தலாம். வராவிட்டால் பூட்டிவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். மருமகனுக்கு ஜெனீவைக் கண்டாலே ஆகாது.

"சீக்கிரம் படிம்மா. பத்தாவதா வந்தாலும் பரவால்ல, நாம என்னைக்கும் கடைசி பெஞ்சுதானே" என்றான் ராஸ்கோ.

அவள் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஆறாவதாக, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஹாங்க் கடை.

"அவன் கஸ்டர்டை நாய்கூட நக்காதே!" என்றான் கிளிஃப்டன்.

பத்தும் முடிந்தது. விரல் அங்கேயே நின்றது.

அடுப்பில் வெங்காயம் கருகும் வாசனை வந்தது. எப்போதும் ஓடிப்போய்த் திருப்பிப் போடுகிறவள், இப்போது அசையவில்லை.

பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. அதையும் படித்தாள்.

"எட்டாம் தெரு முனையில், மஞ்சள் கதவு வைத்த ஒரு கடைக்கு மூன்று முறை போனோம். மூன்று முறையும் உள்ளேயிருந்து வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தோம். சகிக்கவில்லை, ஹாங்க் கடைக்குப் போங்கள் என்றே பதில் வந்தது. சாப்பிட்டவர்களே சொன்ன பிறகு நாங்கள் உள்ளே போகவில்லை."

எட்டாம் தெருவில் மஞ்சள் கதவு ஒன்றுதான், இந்தக் கடையினுடையது.

ஜெனீவ் பத்திரிகையை மடித்தாள்.

"எவனோ வழிப்போக்கன் சொல்லியிருப்பான். நம்ம ஆளுங்க வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வருமா?"

சொல்லிவிட்டு எங்கள் மூவரின் கிண்ணத்திலும் கேட்காமலே இன்னொரு கரண்டி செர்ரியை வைத்தாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆகஸ்டில் காரை நிறுத்திக் கேட்ட அந்தப் பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உதட்டில் ஒட்டியிருந்த கஸ்டர்டைத் துடைத்துக்கொண்டே ஹாங்க் கடைக்கு வழி காட்டினேன். ஊருக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு என் ஸ்டூலில் எவனாவது உட்கார்ந்திருப்பான். அந்த அற்பப் பயம்தான். வேறொன்றுமில்லை.

ஆனால் மூன்று முறையா?

நான் சொன்னது ஒரே ஒரு முறை.

திரும்பிப் பார்த்தேன். ராஸ்கோவும் கிளிஃப்டனும் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார்கள்.