விருப்ப வரிசை

முதல் விருப்பமே கிடைத்துவிட்டது.

திரையில் அப்படித்தான் இருந்தது. விருப்ப எண் ஒன்று. சென்னையின் அந்தப் பெரிய பல்கலைக்கழகம். பிரிண்டிங் டெக்னாலஜி.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். மகள் ஜெயவர்ஷினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"முதல் சாய்ஸேவா? கொடுத்து வச்சவ சார் உங்க பொண்ணு," என்றாள் பிரௌசிங் சென்டர் நடத்தும் புஷ்பலதா.

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எதில் இடம் இருக்கும், எதில் தொங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததா. பொறியியல் கலந்தாய்வையும் அப்படித்தான் படித்தார். ஐந்து வருடக் கட்-ஆஃப்களை நோட்டில் கோடு போட்டு எழுதினார். டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கியும் சொன்னார்.

மகள் கேட்டது பயோமெடிக்கல். அம்மாவின் காது மிஷினைப் பிரித்துத் தானே சரிசெய்த நாளிலிருந்து வேறு எதையும் கேட்டதில்லை.

பயோமெடிக்கலுக்கு அடிதடி. பிரிண்டிங்கை எவனும் சீண்டுவதில்லை. ஆனால் அதே காம்பவுண்டு, அதே பெயர். உள்ளே போய்விட்டால் போதும், அப்புறம் என்ன படித்தாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்.

ஆகவே பிரிண்டிங் ஒன்று. பயோமெடிக்கல் இரண்டு.

"பிடிச்சதத்தான் முதல்ல போடணுமாம்ப்பா. அது கிடைக்கலன்னா தானா அடுத்ததப் பாக்குமாம். மிஸ் சொன்னாங்க."

வரிசை போட்ட அன்றைக்கு இதே நாற்காலியிலிருந்துதான் சொன்னாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மிஸ்ஸுக்கு என்ன தெரியும். முதல் எண்ணைக் கிடைக்காத ஒன்றில் வீணடித்தால், இரண்டாவதைப் பார்க்க வருவதற்குள் அதையும் எவனாவது தட்டிக்கொண்டு போயிருப்பான். கூட்டத்தில் இடம் பிடிக்கத் தெரியாதவர்கள் பேசும் பேச்சு.

"நான் சொல்றதக் கேளு," என்றார்.

கேட்டாள். சின்ன வயதிலிருந்தே சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

இப்போது அவர் அண்ணனுக்குச் சொல்லப் போனை எடுத்தார். அதற்குள் சந்தனமாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். மகளோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். இருவருக்கும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. தரவரிசையில் முந்நூற்றுப் பத்து இடம் பின்னால் இருந்தாள்.

"பயோமெடிக்கல் கிடைச்சிருச்சுடி. அதே யூனிவர்சிட்டி."

ஜெயவர்ஷினி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அது நிஜமான சந்தோஷம்தான். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

முந்நூற்றுப் பத்து இடம் பின்னால்.

அப்படியென்றால் ஜெயவர்ஷினியின் முறை வந்தபோது பயோமெடிக்கல் காலியாகத்தான் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் முதல் வரியைப் பார்த்திருக்கிறது. பிரிண்டிங். இருக்கிறது. கொடுத்துவிட்டது. இரண்டாம் வரிக்கு அது போகவே இல்லை.

மிஸ் சொன்னது அதைத்தான்.

சந்தனமாரி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினாள். அவர் புஷ்பலதாவின் மேசையருகே போய்க் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேல மாத்திக்கிறதுக்கு ஒரு வழி இருக்குன்னாங்களேம்மா."

"அது ரெண்டாவது மூணாவது கிடைச்சவங்களுக்கு சார். அவங்க மேல போட்டதுக்குக் காத்திருக்கலாம். உங்களுக்கு மொதல்ல போட்டதே வந்திருச்சே. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"இந்த சீட்டும் போயிரும் சார். எதுக்கு வேண்டாங்கிறீங்க?"

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள்.

ஐந்து மணிக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடத்தில் எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருக்கிறார், கிளப்பியிருக்கிறார். இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மகள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சந்தனமாரியின் தரவரிசை எண் அவளுக்கும் தெரியும். கணக்கில் இவரைவிடக் கெட்டிக்காரி.

ஏன்ப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். பாவி மகள், அதைக்கூடச் செய்யவில்லை. சம்மதம் என்ற இடத்தில் அழுத்தினாள்.

அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. விண்ணப்பத்தில் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"ஓடிபி சொல்லுங்கப்பா."

ஆறு எண்கள்.

"நாலு," என்றார். அவள் தட்டினாள்.

"ஏழு. ஏழு. ரெண்டு."

தட்டினாள்.

"ஒம்பது."

ஆறாவது எண் கண்ணுக்குத் தெரிந்தது. வாயில் வரவில்லை.

அவள் விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. புஷ்பலதா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

"அப்பா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, போனோடு சேர்த்து அவர் கையைத் தன் பக்கம் இழுத்தாள். அது நடுங்கிய நடுக்கத்தில் எண் தெரியவில்லை.

நடுக்கம் நிற்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தானே படித்து, தானே தட்டினாள்.