பிழைத்துப் போகட்டும்

அடுத்த சீசனுக்குப் புதுக் கோல்கீப்பரைத் தேடினார்கள். சோதனைக்கு வந்தவனுக்குப் பெனால்டி அடிக்க, அணியின் மூத்த ஸ்ட்ரைக்கர் அமலதாஸை நிறுத்தினார்கள். கோட்டுக்கு வெளியே, கைக்குழந்தையோடு வெயிலில் நின்றாள் வந்தவனின் மனைவி. அமலதாஸுக்கு மனம் கேட்கவில்லை. பிழைத்துப் போகட்டும் என்று எல்லாப் பந்துகளையும் அவன் கைக்கு வாகாகவே உதைத்தார். அவன் ஒன்றுவிடாமல் பிடித்தான்.

"இவனை எடுத்துக்கலாம்," என்ற மேனேஜர், அமலதாஸ் காதுபடவே அவனிடம் கேட்டார்: "இவரு ஷாட் எப்படிப்பா இருந்துச்சு?"

"ஈசிதான் சார். கால்ல வலுவே இல்ல."

மேனேஜர் கோச்சிடம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? ஸ்ட்ரைக்கரையும் மாத்திருவோம்."

எல்லோரும் அவனுக்குக் கைகொடுக்கப் போனார்கள். அமலதாஸ் ஒரு பந்தைப் புள்ளியில் வைத்து, ஆளில்லாத கோலுக்குள் முழு பலத்தோடு உதைத்தார். வலை கிழிந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.