ஒரு காலைத் தூக்கினால் சம்மதம்

ஏரிப் பறவைகளின் சபையில் காலையிலிருந்து அலகு வலிக்க வாக்குவாதம். தீவுப் பள்ளியில் சூரியனைக் கும்பிடுகிறவர்களின் குஞ்சுகளுக்குத்தான் இடம் என்றது ஒரு கூட்டம். எந்தப் பள்ளி என்பது பெற்றவர்கள் இஷ்டம் என்றது இன்னொன்று. நீர்க்கோழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிறவியிலேயே ஒரு கால் இல்லாத அவள் குஞ்சு பக்கத்தில் நின்றது.

"ஐயா, எந்தப் பள்ளியானாலும் இவன் ஏற ஒரு படி வேணும். அதைப் பேசுங்க," என்றாள்.

சபைத் தலைவர் கொக்கு தொண்டையைச் செருமினார். "படி தேவையில்லை என்பவர்கள் வழக்கம்போல ஒரு காலைத் தூக்குங்கள்."

நீர்க்கோழி இரண்டு கால்களையும் சேற்றில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்த கொக்கு, குஞ்சின் முன்னால் நின்றார்.

"இதோ பாரம்மா, உன் பிள்ளையே காலைத் தூக்கியாச்சே."